பிரிந்த நாளை மறைக்காதீர்கள்

ஜெர்மனியில் கணவரின் பெயராலோ மனைவியின் பெயராலோ விசா பெற்று வாழ்கிறீர்களா? அப்படியானால் இதை இன்றே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். மணவாழ்க்கை முறிந்தபின் அந்த நாட்டில் நீங்கள் தொடர்ந்து இருக்கலாமா என்பதை, நீதிமன்றம் விவாகரத்து வழங்கும் நாள் முடிவு செய்வதில்லை. நீங்கள் இருவரும் பிரிந்த நாள்தான் முடிவு செய்கிறது. வழக்கு எத்தனை மாதம் இழுத்தாலும், தீர்ப்பு எப்போது வந்தாலும், வெளிநாட்டவர் அலுவலகம் கேட்கப்போவது அந்த ஒரு தேதியைத்தான். அதன் கனம் தெரியாமல் கையெழுத்துப் போட்டு, தமக்கு உரியதை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தே அதை மாற்றிச் சொல்லி, தமக்கு உரியதல்லாததைப் பெற்று, பிறகு அதையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இருவரிடமும் பேச வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு மேலாக, விசா தன் தயவில் இருக்கிறது என்ற துணிச்சலில் துணையை மிரட்டுகிறவரிடமும் பேச வேண்டியிருக்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துணைவருடன் சேர்ந்து வாழ்வதற்கென்று கொடுக்கப்படும் அனுமதி, அந்த வாழ்க்கை இருக்கும்வரைக்குமான அனுமதி. வாழ்க்கை முறிந்துவிட்டால், வதிவிட அட்டையில் இன்னும் இரண்டு வருடம் மீதியிருந்தாலும், அந்தக் காலத்தை அலுவலகம் குறைத்துவிடலாம். ஆனால் வதிவிடச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. ஜெர்மனிக்குள் குறைந்தது 3 ஆண்டுகள் சட்டப்படி கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், துணைவரைச் சாராத சொந்த அனுமதி ஓராண்டுக்குக் கிடைக்கும். அந்த ஓராண்டில் வேலை கிடைக்காமல் அரசின் உதவித்தொகை வாங்க நேர்ந்தாலும், பொதுவாக அதைக் காரணம் காட்டி மறுக்கமாட்டார்கள். அடுத்த நீட்டிப்பின்போதுதான் சொந்தச் சம்பாத்தியத்தில் நிற்கிறீர்களா என்று பார்ப்பார்கள். சேர்ந்து வாழ்ந்த காலத்தில் துணைவர் இறந்துபோனால் இந்த 3 ஆண்டுக் கணக்கு கேட்கப்படுவதில்லை.

அந்த 3 ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதில் நம்மவர்கள் பலர் தவறான கணக்கில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ தாலி கட்டிய நாள் இதற்குக் கணக்கில்லை. பதிவு முடிந்து, மொழித் தேர்வு எழுதி, தூதரகத்தின் பதிலுக்காகக் காத்திருந்த ஒன்றரை வருடமும் சேராது. ஜெர்மனிக்கு வந்து, அங்கே இருவரும் குடும்பமாக வாழத் தொடங்கியதிலிருந்துதான் எண்ணிக்கை. அதுவும் இடைவெளியில்லாமல் ஓட வேண்டும். கோபத்தில் நான்கு நாள் தோழி வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியது பிரிவாகாது. வேலை வேறு ஊரில் என்பதால் வாரக் கடைசியில் மட்டும் வந்துபோவதும் பிரிவாகாது. இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று ஒருவர் முடிவெடுத்து விலகினால், அதுதான் பிரிவு.

1990-களில் இந்தக் காலம் 4 ஆண்டாக இருந்தது. 2000-இல் 2 ஆண்டாகக் குறைத்தார்கள். 2011 ஜூலையில் மீண்டும் 3 ஆண்டாக உயர்த்தினார்கள். போலித் திருமணங்களைத் தடுக்க வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். கட்டாயத் திருமணத்தைத் தனிக் குற்றமாக்கியதும் அதே சட்டம்தான் என்பதை நினைத்தால் மனம் வலிக்கிறது. கட்டாயத்தில் சிக்கிய பெண்ணைக் காப்பாற்றப் புறப்பட்ட சட்டம், அவள் இன்னும் ஓராண்டு அதே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்ற நெருக்கடியையும் கூடவே கொடுத்தது. அது தவறு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சட்டம் இன்று இருப்பது இப்படித்தான். தெரியாமல் நடந்து தலை கவிழ்வதைவிடத் தெரிந்து நடப்பது மேல்.

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன். ஜெர்மனியில் விவாகரத்து வேண்டுமென்றால் பொதுவாக ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதற்குத் தனி வீடுகூடத் தேவையில்லை. ஒரே வீட்டுக்குள் படுக்கை வேறு, சமையல் வேறு, செலவு வேறு என்று ஆகிவிட்டாலும் சட்டம் அதைப் பிரிவாகவே எடுத்துக்கொள்ளும். இந்த ஓராண்டைக் குறுக்கிவிடத்தான் பலரும் ஆசைப்படுகிறார்கள். வலி மிகுந்த வீட்டிலிருந்து சீக்கிரம் விடுபட வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. மறுமணத்துக்கு ஆள் பார்த்து வைத்திருக்கும் கணவரின் அவசரமும் உண்டு. "போன வருடம் மார்ச்சிலேயே பிரிந்துவிட்டோம் என்று எழுதிவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும்" என்று யாரோ சொல்ல, மற்றவர் தலையாட்டிவிடுகிறார்.

ஒரு பெண் 2021 செப்டம்பரில் ஜெர்மனிக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் அவர்கள் பிரிந்தது 2024 நவம்பரில். மூன்று ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருக்கிறது. அவருக்குச் சொந்த அனுமதி கேட்க முழு உரிமை உண்டு. ஆனால் விவாகரத்து மனுவில் பிரிந்த மாதம் 2024 மார்ச் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அந்தக் காகிதத்தின்படி அவர் சேர்ந்து வாழ்ந்தது இரண்டரை ஆண்டுதான். எட்டு மாதம் முன்னதாகக் கிடைக்கப்போகும் ஒரு தீர்ப்புக்காகத் தன் காலடியில் இருந்த நிலத்தை அவரே எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அலுவலகத்தில் போய் "அது சும்மா எழுதியது, உண்மை வேறு" என்று சொன்னால், நீதிமன்றத்தில் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே விவாகரத்து மனுவில் கையெழுத்திடும் முன்பு, குடும்ப வழக்கறிஞரிடம் என் விசாவும் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குடும்பச் சட்டம் அறிந்த எல்லாருக்கும் வதிவிடச் சட்டம் தெரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள்.

எதிர்த்திசைப் பொய் இன்னும் கொடியது. இரண்டு வருடத்திலேயே பிரிந்துவிட்டவர்கள், மூன்று வருடம் ஆகும்வரை சேர்ந்திருப்பதாக அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். கதவில் இரண்டு பெயர், வீட்டுக்குள் ஒருவர். இதை நம் சமூகத்தில் சிலர் சாமர்த்தியம் என்று சொல்கிறார்கள். உதவி என்றும் சொல்கிறார்கள். அதே வதிவிடச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு இதைக் குற்றம் என்கிறது. தண்டனை 3 ஆண்டுவரை சிறை, அல்லது அபராதம். தனக்காகப் பொய் சொன்னவருக்கு மட்டுமல்ல, இன்னொருவருக்காகச் சொன்னவருக்கும் அதே பிரிவுதான். இரக்கப்பட்டுக் கையெழுத்திட்ட பழைய கணவரும் அதில் அடங்குவார். காசு வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டவரைச் சொல்லவே வேண்டாம்.

மாட்டிக்கொள்ளமாட்டோம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீடு மாறினால் 2 வாரத்துக்குள் பதிவு அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். அந்தத் தகவல் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் போகும். நிரந்தரமாகப் பிரிந்த தம்பதி அடுத்த ஆண்டிலிருந்து மணமானவர்களுக்கான வரி வகுப்பில் தொடர முடியாது. ஆகவே வரி அலுவலகத்துக்கும் பிரிவு தெரிந்தாக வேண்டும். விவாகரத்துக் கோப்பில் பிரிந்த தேதி இருக்கும். இப்படி நான்கு இடத்தில் பதிவாகும் ஒரு நாளை ஒரு மேசையில் மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டு எத்தனை காலம் நிம்மதியாகத் தூங்க முடியும்? பொய்யால் பெற்ற அனுமதியைப் பின்னால் திரும்பப் பெறலாம். அந்தப் பொய்யின் மேல் குடியுரிமையே வாங்கியிருந்தாலும், ஏமாற்றிப் பெற்றது என்று தெரிந்தால் 10 ஆண்டுவரை அதைப் பறிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்குள் பிள்ளை பிறந்திருக்கும், பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையின் தலையிலா இதைக் கட்டுவது?

சரி, உண்மையாகவே 3 ஆண்டு ஆகவில்லை, அடியும் இல்லை உதையும் இல்லை, இரண்டு பேருக்கும் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் என்றால்? அப்போதும் முதலில் செய்ய வேண்டியது, அட்டையின் காலம் முடிவதற்கு முன்பே உண்மையைச் சொல்லி விண்ணப்பிப்பது. காலம் முடியுமுன் விண்ணப்பித்தவரின் பழைய அனுமதி, முடிவு வரும்வரை செல்லும். முடிந்தபின் போனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. துணைவர் விசாவில் வந்தவருக்கு ஜெர்மனியில் எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. படித்த படிப்புக்கு அங்கீகாரம் பெற்று, அதற்கேற்ற வேலையில் இருப்பவர் தன் வேலையின் பேரிலேயே அனுமதி கேட்கலாம். பொறியியல் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களே, செவிலியர் படிப்பை முடித்துவிட்டுச் சான்றிதழை அலமாரியில் வைத்திருப்பவர்களே, குடும்பம் நன்றாக இருக்கும்போதே அந்த அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள். 600 மணி நேர மொழி வகுப்பை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள். கணவரை நம்பாததால் செய்வதல்ல இது. உங்கள் படிப்பு உங்களுடையது என்பதால் செய்வது.

சிலருக்கு இவ்வழிகள் எதுவும் திறக்காது. அவர்கள் ஊர் திரும்ப வேண்டியிருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவனாவேன். அப்படித் திரும்புகிறவர் யாருக்கும் குற்றம் செய்தவர் அல்லர். பொய் சொல்லித் தங்காமல் தலை நிமிர்ந்து திரும்பிய மகளையோ மகனையோ வாசலில் நிறுத்தி அக்கம்பக்கத்துக்கு என்ன சொல்வது என்று கேட்கும் பெற்றோர்தான் வெட்கப்பட வேண்டும். கல்யாணத்துக்குக் கடன் பட்டது திரும்பி வந்த பிள்ளையின் பிழை அல்ல.

அடியும் உதையும் உள்ள வீட்டைப் பற்றி இனிப் பேசவேண்டும். இங்கே குரலைத் தாழ்த்திப் பேச என்னால் முடியாது.

"கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை, மூண்டு வருசம்தானே" என்று தொலைபேசியில் சொல்லும் அம்மாவே, உங்கள் மகளுக்கு நீங்கள் சொல்லும் இந்த வார்த்தைக்குச் சட்டத்தில்கூட இடமில்லை. அதே 31-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பெரும் இன்னல் இருக்கும் இடத்தில் 3 ஆண்டுக் கணக்கைக் கைவிடச் சொல்கிறது. வீட்டு வன்முறைக்கு ஆளானவரைத் தொடர்ந்து அதே வாழ்க்கையில் இருக்கச் சொல்ல முடியாது என்று அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. கூட வாழும் குழந்தையின் நலனையும் பார்க்கச் சொல்கிறது. வந்து ஆறு மாதமே ஆகியிருந்தாலும் கேட்கலாம். உடம்பில் காயம் இருந்தால்தான் வன்முறை என்பதும் இல்லை. மாதக்கணக்கில் அடைத்து வைப்பது, மிரட்டுவது, தொடர்ந்து அவமதித்து மனத்தை உடைப்பது ஆகியவையும் வன்முறைதான். ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட இஸ்தான்புல் உடன்படிக்கை, ஜெர்மனியில் 2018 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. துணைவரின் விசாவைச் சார்ந்திருக்கும் பெண் மிகக் கடினமான நிலையில் இருந்தால், திருமணம் எத்தனை நாள் நீடித்தது என்று பாராமல் அவளுக்குச் சொந்த அனுமதி கொடுக்க வேண்டும் என்பது அதன் 59-ஆம் பிரிவு.

ஆனால் அலுவலகம் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து முடிவு செய்யாது. அதனால் சான்று தேவை. அடிபட்ட அன்றே மருத்துவரிடம் போங்கள், எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். படியில் விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் படியில் விழுந்ததாகத்தான் எழுதுவார்கள், நாளைக்கு அந்தக் காகிதம் உங்களுக்கு எதிராகவே நிற்கும். மிரட்டும் குறுஞ்செய்திகளை அழிக்காமல், நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 110. காவல்துறை அடித்தவரை அன்றே வீட்டைவிட்டு வெளியேற்ற முடியும். 2002 முதல் இருக்கும் வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி, அடித்தவரை விலக்கி, அடிபட்டவரே வீட்டில் இருக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். வீடு அடித்தவர் பெயரில் இருந்தாலும் குறிப்பிட்ட காலத்துக்கு அப்படிச் செய்ய வழியுண்டு. பெண்களுக்கான உதவி எண் 116 016. கட்டணம் இல்லை, பெயர் சொல்லத் தேவையில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், ஜெர்மன் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வீட்டிலிருந்து வெளியேறினால் தங்கப் பெண்கள் காப்பகங்கள் இருக்கின்றன. அங்கிருந்து கிடைக்கும் கடிதமும் அலுவலகத்தில் சான்றாகும்.

இந்த விதிவிலக்கையே வழியாக்கிக்கொண்டு, அடிக்காதவனை அடித்தான் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போகாதீர்கள். பொய்க் குற்றச்சாட்டு ஜெர்மனியிலும் குற்றம். அதைவிடப் பெரிய பாவம் ஒன்றுண்டு. நீங்கள் சொல்லும் ஒரு பொய், உண்மையாகவே அடிபட்டு அதே மேசைக்கு வரும் அடுத்த பெண்ணைச் சந்தேகத்தோடு பார்க்க வைக்கும்.

இனி, கையில் அதிகாரம் உள்ளவரே, உங்களிடம் வருகிறேன். ஜெர்மன் கடவுச்சீட்டோ நிரந்தர வதிவிடமோ உங்களிடம் இருக்கிறது. உங்களை நம்பி ஒரு பெண், அல்லது மாப்பிள்ளையாக ஒரு ஆண், தன் வீட்டையும் வேலையையும் விட்டு வந்திருக்கிறார். குழம்பில் உப்பு குறைந்ததற்கும் அம்மாவோடு பேசியதற்கும் "அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் அடுத்த விமானத்தில் நீ ஊருக்குப் போய்விடுவாய்" என்று நீங்கள் சொல்கிறீர்கள். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல விசாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதரோடு குடும்பம் நடத்துவது எந்த அறத்தில் சேர்த்தி? பிரிய வேண்டுமென்றால் பிரியுங்கள். உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் பிரிவை நாள் பார்த்து, மூன்று ஆண்டு நிறைய ஒரு மாதம் இருக்கும்போது, வேண்டுமென்றே நடத்தாதீர்கள். பிரிந்த பின்னும் விவாகரத்து முடியும்வரை, சம்பாதிக்கிறவர் மற்றவருக்குப் பராமரிப்புக் கொடுக்க வேண்டிய கடமை உண்டு. அதை நீதிமன்றம் ஏறி வாங்க வைக்காதீர்கள்.

இன்னொரு கொடுமையும் நடக்கிறது. விடுமுறைக்கு என்று மனைவியை ஊருக்கு அழைத்துப் போய், அவளது கடவுச்சீட்டையும் வதிவிட அட்டையையும் எடுத்துக்கொண்டு, அவளை அவள் பெற்றோர் வீட்டில் விட்டுவிட்டுத் தனியே திரும்புகிறார்கள். ஜெர்மனியை விட்டு வெளியேறி 6 மாதத்துக்குள் திரும்பாவிட்டால் வதிவிட அனுமதி தானாகவே செல்லாமல் போய்விடும். அதை நன்றாகத் தெரிந்துகொண்டு செய்யும் வேலை இது. "அடுத்த மாதம் டிக்கெட் போடுகிறேன்" என்று ஆறு மாதத்தையும் பேச்சிலேயே கடத்திவிடுவார்கள். சகோதரி, உங்களுக்கு இப்படி நேர்ந்தால் உறவினர் சமாதானம் பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் வாரத்திலேயே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், சென்னையிலுள்ள ஜெர்மன் துணைத் தூதரகத்துக்கோ கொழும்பிலுள்ள தூதரகத்துக்கோ எழுதுங்கள். ஜெர்மனியில் உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் நடந்ததை மின்னஞ்சலில் தெரிவியுங்கள், 6 மாதக் காலத்தை நீட்டித்துத் தரவும் அதிலேயே கேளுங்கள். அந்த நீட்டிப்பைக் காலம் முடியுமுன் கேட்டால்தான் பயன். ஊருக்குப் புறப்படும் முன்பே அட்டையின் இரண்டு பக்கத்தையும் கடவுச்சீட்டின் பக்கங்களையும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலில் போட்டு வைக்கும் பழக்கம் எல்லாருக்கும் இருக்கட்டும். இந்தியக் கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கணவருக்கோ மாமியாருக்கோ அதன்மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது.

துணைவர் ஜெர்மனியர் அல்லர், வேறொரு ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் குடிமகன், ஜெர்மனியில் வேலை செய்கிறார் என்றால் கணக்கு முற்றிலும் மாறிவிடும். பாரிஸ் பக்கமிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு ஜெர்மனிக்கு வந்து வாழும் தமிழர்களை மணந்தவர்கள் இதைக் கவனியுங்கள். அங்கே பிரிந்த நாள் உரிமையைப் பறிப்பதில்லை. செனகல் நாட்டுப் பெண்ணான டியாட்டா, பெர்லினில் வாழ்ந்த பிரெஞ்சுக் கணவரைப் பிரிந்து தனி வீட்டில் இருந்தார். அவருக்கு அனுமதி மறுத்தார்கள். சேர்ந்து ஒரே கூரையின் கீழ் இருந்தால்தான் உரிமை என்பதில்லை என்று 1985-இல் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவாகரத்துக்குப் பிறகும் உரிமை நீடிக்க, வழக்குத் தொடங்கும்போது திருமணமாகி 3 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அதில் ஓராண்டாவது அந்த நாட்டில் கழிந்திருக்க வேண்டும் என்பது 2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய விதி. ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. அயர்லாந்தில் வாழ்ந்த குல்தீப் சிங் என்ற இந்தியரின் மனைவி, விவாகரத்து வழக்குத் தொடங்கும் முன்பே அயர்லாந்தை விட்டுப் போய்விட்டார். மனைவி நாட்டைவிட்டுப் போன நாளிலேயே சிங்கின் உரிமையும் அந்த விதிப்படி முடிந்துவிட்டது என்று 2015-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஐரோப்பியத் துணைவர் மூட்டை கட்டுகிறார் என்று தெரிந்தால், அவர் நாட்டில் இருக்கும்போதே வழக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஜெர்மன் குடியுரிமை வாங்கி ஜெர்மனியிலேயே வாழும் கணவரின் மனைவிக்கு இந்த ஐரோப்பிய விதி பொதுவாகப் பொருந்தாது. அவருக்கு 31-ஆம் பிரிவுதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு முகநூலில் ஆலோசனை சொல்கிறவர்களைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள்.

குழந்தை இருந்தால், அது ஜெர்மன் குடியுரிமை உள்ள குழந்தையாக இருந்தால், அதை வளர்க்கும் பொறுப்பில் இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ அந்தப் பொறுப்பின் பேரிலேயே வதிவிட அனுமதி உண்டு. திருமணம் எத்தனை ஆண்டு என்ற கேள்வி அங்கே எழாது. இதைக் கேட்டதும் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டால் விசா கிடைக்கும் என்று கணக்குப் போடுகிறவர்களை நான் அறிவேன். பெற்றோர் இருவரோடும் பழகும் உரிமை குழந்தைக்கு உண்டு என்று ஜெர்மன் சட்டம் சொல்கிறது. அது குழந்தையின் உரிமை, அதில் உங்களுக்கு விலை பேச எதுவும் இல்லை. உண்மையில் யார் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார், யார் மருத்துவரிடம் காத்திருக்கிறார், யார் மடியில் அது தூங்குகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். கோபத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்றவருக்குத் தெரியாமல் ஊருக்குப் பறப்பதும் ஜெர்மனியில் குற்றமாகலாம். அதற்குப் பின் திரும்பி வரும் வழியே அடைபட்டுப் போகும்.

நம் சமூகத்துப் பெரியவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இரு வீட்டாரும் கோயில் மண்டபத்தில் கூடிப் பேசித் தம்பதியைப் பிரித்து வைத்தால் ஜெர்மனியில் அது விவாகரத்து ஆகாது. அங்கே திருமணத்தைக் கலைக்க நீதிமன்றத்தால் மட்டுமே முடியும். கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் வைத்திருக்கும் திருமணம் விசாவுக்கும் உதவாது, பிரிவில் பராமரிப்புக்கும் உதவாது. சமாதானம் பேச வருகிறவர்கள், முதலில் அந்தப் பெண்ணைத் தனியே உட்கார வைத்து, அடி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் உங்கள் சமாதானம் அங்கே வேண்டாம். அலுவலகத்துக்கு அவளோடு போங்கள். மொழி தெரியாத மனைவிக்குக் கணவரே மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்து, அவள் சொன்னதை விட்டுத் தான் நினைத்ததைச் சொல்லும் அநியாயம் நடக்கிறது. பத்து வயதுப் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து அம்மாவின் காயங்களை ஜெர்மனில் சொல்லச் சொல்வதும் நடக்கிறது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் நம்மவர் கூடுகிறார்கள். அத்தனை பேர் கூடும் இடத்தில், அன்னதானத் தட்டோடு 116 016 என்ற எண் அச்சிட்ட ஒரு சீட்டையும் கொடுத்தால் எத்தனை வீட்டுக்கு அது போய்ச் சேரும்!

காசில்லை, வழக்கறிஞரைப் பார்க்க முடியாது என்று யாரும் நின்றுவிட வேண்டாம். வருமானம் குறைந்தவர் உள்ளூர் நீதிமன்றத்தில் ஆலோசனை உதவிச் சீட்டு வாங்கிக்கொண்டு போனால், 15 யூரோவுக்கு ஒரு வழக்கறிஞர் கோப்பைப் பார்த்துச் சொல்வார். கரித்தாஸ், டியாகோனி, செஞ்சிலுவை போன்ற அமைப்புகள் குடிவந்தவர்களுக்கு இலவச ஆலோசனை நிலையங்களை நடத்துகின்றன. அங்கே போகும்போது கடவுச்சீட்டு, அட்டை, திருமணச் சான்றிதழ், வீட்டு வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பிரிந்த நாளை உள்ளபடி ஒரு தாளில் எழுதி, அதற்கு என்ன சான்று என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

மகளையோ மகனையோ வெளிநாட்டுக்கு மணமுடித்து அனுப்பும் பெற்றோரே, நகைக்கும் மண்டபத்துக்கும் ஓடும் நாட்களில் இரண்டு காரியத்தையும் செய்துவிடுங்கள். படிப்புச் சான்றிதழ்களின் உறுதி செய்த நகல்களைப் பெட்டியில் வையுங்கள். அங்கே போனதும் தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் எவர் வீட்டிலாவது துணையின் கடவுச்சீட்டு உங்கள் அலமாரியில் பூட்டியிருந்தால், இன்று இரவுக்குள் அதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.